பொன்னுருக்குக்கு வந்த ஸ்வோட்டி

ஜெயதீபனின் பொன்னுருக்கு 2012 தையில், லிட்கமில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக் கராஜில் நடந்தது. அகதியாகப் படகில் வந்த பிள்ளை, தாய் வவுனியாவில். என்னை "விமலா அன்ரி" என்று கூப்பிடுவான். அந்த ஒரு பேரை வைத்துத் தாய் இடத்தில் என்னை நிறுத்திவிட்டான். மற்றபடி எங்களுக்குள் உறவு என்று ஒரு மண்ணும் இல்லை.

தாலிக்கு உருக்கும் பொற்காசை மாப்பிள்ளை வீடுதான் கொடுக்கவேண்டும்.

"பவுண் காசு எடுத்திட்டியோ?"

"ஓம் அன்ரி. ஹலீனா தந்தவ."

ஹலீனா அந்த வீட்டுச் சொந்தக்காரி, போலந்துக்காரி. அவள் தந்த காசு மஞ்சளாய் மினுங்கியது. பெயர் ஸ்வோட்டி. அவர்கள் பாஷையில் 'பொன்னானது' என்று அர்த்தமாம். பிறகு நான் எப்படிச் சந்தேகப்படுவது? ஆனாலும் சந்தேகப்பட்டேன்.

தட்டார் கதிர்காமநாதன் காசை உரைகல்லில் உரைத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி உரைத்தார்.

"தம்பி, இதில பொட்டுப் பொன்னும் இல்லை."

நல்ல நேரம் முடியப்போகிறது. மணமகள் கௌசிகாவின் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹலீனா அடுப்பைப் பார்த்து, "இதையா உருக்கப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் பதறினாள். ராசிக்குச் சட்டைப்பையில் வைத்திருக்கத்தான் தந்தாளாம். முந்தி வெளிநாட்டுப் பொற்காசுகளைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்களாம். பிறகு பொன் போய் வெள்ளி வந்ததாம். வெள்ளியும் போயிற்றாம். பெயர் மட்டும் நின்றுவிட்டதாம்.

"பொன் இல்லாட்டி பிறகேன் பொன் எண்டு கூப்பிடுறியள்?" என்று எரிச்சலில் தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னதில் எனக்கும் பாதி விளங்கவில்லை.

"விமலா அன்ரி..." என்றான் ஜெயதீபன். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்த பவுண் காசைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். என் மகனுக்கென்று வருடக்கணக்காய்ப் பூட்டி வைத்திருந்த காசு.

"அன்ரி, இது பிரவீனன் அண்ணாவுக்கு எல்லோ?"

"அவன் ரெஜிஸ்டர் கலியாணம் போதும் எண்டிட்டான். பிடி, நேரம் போகுது!"

காசு நெருப்பில் இளகத் தொடங்கியது. ஹலீனா மெல்ல என் பக்கம் சாய்ந்து, நீ அவனுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"அன்ரி" என்றேன்.