அரைச் சாவி கொடுத்த கிராமபோன்

சதாசிவத்தின் கை பிளேட்டுப் பெட்டியின் அடிமட்டத்துக்குப் போய்விட்டது! காளியப்பனுக்கு நாக்கு வறண்டது.

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கம் என்ற ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் காளியப்பன் தண்டல், அதாவது கூலிகளுக்கெல்லாம் மேஸ்திரி. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு குரல் கொடுத்தாரானால், பால்மரம் சீவப் போகிற கூட்டம் மொத்தமும் வரிசையில் வந்து நிற்கும். அவர் மீசையைக் கண்டால் கூலிகள் குடியிருக்கும் லயத்து நாய்கூடக் குரைக்காது. அப்பேர்ப்பட்டவர் இன்று சொந்த வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

காரணம், எதிரே பாயில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா. காஹாங் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சதாசிவத்தின் மனைவி. மகனுக்குக் காளியப்பனின் ஒரே பெண் புஷ்பவள்ளியை நிச்சயம் பண்ண வந்திருந்தாள். சீர் வேண்டாம், நகை வேண்டாம் என்றவள் ஒன்றில் மட்டும் பிடிவாதம். "நாடகக்காரங்க வாடை அடிக்கிற வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!"

இங்கேதான் வில்லங்கம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன், மீசை இல்லாத காலத்தில், சிங்கப்பூரில் முகாம் போட்ட நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் யார் தெரியுமா? சாட்சாத் காளியப்பன்! சேலை கட்டி, சவுரி வைத்து அவர் குயிலாய்க் கூவிய பாட்டு ஒன்று கிராமபோன் பிளேட்டாகவும் வந்தது. பாட்டு முடிந்ததும், அந்தக் கால வழக்கப்படி, பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்லுவார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் பெயரைச் சுரண்டிவிட்டார் காளியப்பன். உள்ளே இருக்கும் பெயரை எப்படிச் சுரண்டுவது? உடைக்கவும் மனம் வரவில்லை. பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தார்.

ராகு காலம் கழிந்துதான் வெற்றிலை பாக்கு மாற்றவேண்டும். அதுவரை பொழுது போகட்டும் என்று, அப்பாவின் பழங்கதை எதுவும் தெரியாத புஷ்பவள்ளிதான் கிராமபோனையும் பிளேட்டுப் பெட்டியையும் தூக்கி வந்தாள்.

வந்ததே உற்சாகம்! முதலில் ஒரு சிரிப்பு பிளேட். யாரோ ஒருத்தன் மூச்சு முட்டச் சிரிப்பான், அவ்வளவுதான் சங்கதி. கூடமே குலுங்கியது. அப்புறம் பாண்டு வாத்தியம். அப்புறம் மாமியாரும் மருமகளும் பாட்டிலேயே சண்டை போடும் பிளேட்.

"ஒரு கோப்பியை வெச்சுக்கிட்டு கோப்பிக் கடையிலே பொழுதெல்லாம் இதைக் கேப்போம்லா! இப்ப பேசும்படம் வந்தப்புறம் யாரு இதைச் சீண்டறா?" என்று தொடையில் தாளம் போட்ட சதாசிவம், சட்டென்று கத்தினார். "அலாமாக்! வெள்ளையம்மா, இங்க பாரு! செவப்புக் காயிதம்! நம்ம பிளேட்டு!"

வெள்ளையம்மாவின் முகம் மிளகாய்ப் பழமானது. "நம்ம வீட்டுல இருந்ததைத்தான் கெணத்துல போட்டேனே! இங்கயும் வந்துட்டாளா அவ? சம்பந்தி, கல்யாணமான புதுசுல இந்த மனுசன் சோறு தண்ணி இல்லாம இவ பாட்டையே கேட்டுக்கிட்டுக் கெடப்பாரு. நாடகக்காரி!"

காளியப்பனுக்குத் தலை சுற்றியது. 'இவ' என்பது நாமா?

"ஒரே ஒரு தடவைடி..." என்று கெஞ்சினார் சதாசிவம்.

"போடுங்க, போடுங்க. எனக்கென்ன?" பாக்கை வெட்டிய வேகத்தில் பாக்குவெட்டியே அலறியது.

மின்னல் மாதிரி ஒரு யோசனை! காளியப்பன் பாய்ந்தார். "நான் சாவி குடுக்கறேன், சம்பந்தி!"

முழுதாகக் கொடுத்தால்தானே பாட்டு முடியும்? அரைச் சாவி மட்டும் கொடுத்தார். பெயர் வருவதற்குள் கிராமபோன் படுத்துவிடும்.

குயில் கூவத் தொடங்கியது. சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி ஊர்ந்தது. இன்னும் இரண்டு விரற்கடை... ஒரு விரற்கடை... கிராமபோன் தள்ளாட ஆரம்பித்தது. ஜெயம்! காளியப்பன் மீசைக்குள் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அங்கேயே உறைந்தது.

பிளேட்டின் சுற்றுக் குறையக் குறையக் குயிலின் குரல் கனத்தது. சளி பிடித்தது. கரகரத்தது. கடைசியில், "ஸ்வா... ஆ... மீ..." என்று கூடத்தையே அதிரவைத்தது. அச்சு அசல் பெரட்டுக் குரல்! வாசலில் படுத்திருந்த நாய் விருட்டென்று எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

"அப்பா! இது உங்க குரலு!" என்றாள் புஷ்பவள்ளி.

வெள்ளையம்மா எழுந்தாள். நேரே காளியப்பனிடம் வந்தாள். கையிலிருந்த விசிறியால் அவர் மீசையை மட்டும் மறைத்தாள். "எங்க, ஸ்வாமின்னு சொல்லுங்க."

பயத்தில் மனிதர் என்ன செய்கிறோம் என்றே அறியாமல் தோள் துண்டை முந்தானையாய்த் தலையில் இழுத்துவிட்டு, கழுத்தைச் சாய்த்து, "ஸ்வாமீ!" என்று கூவியேவிட்டார்.

கதவோரம் நின்ற அவர் மனைவி சந்திரமதி கண்ணைப் பொத்திக்கொண்டாள். போச்சு!

"இந்த மீசைக்கா," வெள்ளையம்மாவுக்கு மூச்சு வாங்கியது, "இந்த மீசைக்கா நான் இத்தனை வருசம் வயிறெரிஞ்சேன்!" சிரித்தாள். சிரிப்பு பிளேட் தோற்றது. பாயில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். திடீரென்று நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். "ஆம்பளைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கடைசியில பேரு சொல்லுமே. தெரியும். அந்தக் காளியப்பன்தான் இந்தத் தண்டல்னு சத்தியமாத் தெரியாது."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"இந்தப் பாட்டுப் போட்ட அன்னிக்கெல்லாம் நீ தலை நெறையப் பூ வெச்சுக்குவே. மீன் கொழம்பு வேற வெப்பே. எந்த மடையன் சொல்லுவான்?"

"ராகு காலம் முடிஞ்சிருச்சு..." என்று சந்திரமதி மெல்ல இழுத்தாள்.

"வெத்திலை எங்க ஓடிடப் போவுது, சம்பந்தி? உங்க வீட்டுப் பொண்ணுதான் எங்க மருமக. மொதல்ல அந்தப் பாட்டை மறுபடி முதல்லேருந்து போடுங்க. நான் அதை ஒரு நாளும் கடைசி வரைக்கும் கேட்டதில்லே." வெள்ளையம்மா காளியப்பன் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள். "சாவியை முழுசாக் குடுக்கணும், ஆமா!"

கைப்பிடி நகர மறுக்கும்வரை சுற்றினார் காளியப்பன். குயில் தங்குதடையின்றிக் கூவி முடித்து, கொஞ்சும் குரலில் தன் பெயரைச் சொன்னது: "காளியப்பன்!"

வாசலுக்குத் திரும்பியிருந்த நாய் எட்டிப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரைப் பார்த்துக் குரைத்தது.