முதலாளி மாற்றிக் கொடுத்த டயர்

ஆமத்தூரைத் தாண்டியதும் பட்டாசுக் கம்பெனி வேனின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. உள்ளே இருந்த பதினெட்டுப் பெண்களும் இறங்கினார்கள். போன வாரம்தான் முதலாளி மணிகண்டராஜ் நாலு டயரையும் மாற்றி, சந்தனம் வைத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்திருந்தார். புது டயருக்கா இந்தக் கதி என்று அவர்களில் ஒருத்தியான வீரலட்சுமிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பஞ்சர் கடை உக்கிரபாண்டி டயரைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்புப் பாலிஷ் வந்துகொண்டே இருந்தது. அடியில் ரப்பர் வெளிறி, பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி கிடந்தது.

“யாருக்கா இதப் புதுசுன்னு சொன்னது?”

அவன் விரல் வைத்த இடத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் 2216 என்று புடைத்திருந்தது.

“இதுதான் டயரு பொறந்த தேதி. பதினாறாம் வருசம், இருபத்திரெண்டாவது வாரம். இந்தா, நூறுன்னு இருக்குல்ல? ஒரு டயரு எண்ணூறு கிலோ தாங்கும்னு அர்த்தம். ஜீப்புக்குப் போதும். வேனுக்கும் உங்க அம்புட்டுப் பேருக்கும் எப்படிக்கா போதும்? சூடு தாங்குறதுக்கு ஏ, பி, சின்னு தரம் உண்டு. இது கடைசித் தரம், சி.”

தேய்ந்து மொழுமொழுவென்று போன இடத்தில், புதுசு போலத் தெரிய, கத்தியைக் காய்ச்சிக் கோடு வேறு கிழித்திருந்தார்கள். வீரலட்சுமி அதைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். இதற்கா சந்தனம்? இதற்கா லட்டு? தூ!

பஞ்சர் ஒட்டி முடித்து மற்றவர்கள் ஏறும் நேரத்தில் மணிகண்டராஜின் ஜீப் வந்து நின்றது. அவள் நேரே அதன் சக்கரத்திடம் போய்க் குனிந்தாள். இந்த வருசத் தேதி. தன் ஜீப் தின்று துப்பியதைத்தான் அந்த மனுசன் பாலிஷ் போட்டு இவர்களுக்கு மாட்டியிருக்கிறான்.

“என்னம்மா பாக்க? ஜீப்புக்கும் வேனுக்கும் டயர் அளவு ஒண்ணுதான். ஏறு, வேலை கெடக்கு.”

“எம்மக அந்தப் பின்சக்கரத்துக்கு மேலதான் உக்காந்து வாரா முதலாளி. வெயில்ல வெடிச்சா யாரு பொறுப்பு?”

அவர் சிரித்தார். “அம்புட்டு யோக்கியமா நீ? போன சீசன்ல விக்காத பெட்டிக்கெல்லாம் இந்த வருசத் தேதிய ஒட்டினது யாரு? அப்ப நாறலையோ?”

சுருக்கென்றது. பொய்யில்லை, பழைய லேபிளை உரித்துப் புதுசை ஒட்டியது இவள் கைதான். எந்த ஊர்ப் பிள்ளை அந்தப் பெட்டியைப் பிரித்துக் கொளுத்தியதோ? தன் விரல்களைப் பார்க்க அவளுக்கே கூசியது. அவரைப் பார்த்தால் வந்த அருவருப்பும் தன்னைப் பார்த்தால் வந்ததும் ஒன்றாகவே இருந்தன.

“ஆமா, நாந்தான் ஒட்டினேன்,” என்றாள். “அதனாலதான் சொல்லுதேன். எழில், எறங்குடி!”

மகள் முழித்துக்கொண்டே இறங்கினாள். மற்ற பதினாறு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “ஏ, எறங்குங்கடி!” என்று வீரலட்சுமி கத்தினாள். யாரும் அசையவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்தாள். எழுந்தவள், எழில் இருந்த ஜன்னலோர சீட்டுக்கு அவசரமாக நகர்ந்து, காற்று வருகிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டாள்.