போயிட்டு வரேன் என்று சொல்லி வாங்கிய வீடு

வீடு வாங்குவதென்று முடிவான நாளிலிருந்து என் கணவர் ராதாகிருஷ்ணன் எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"இங்க டெண்டு எங்க போடுறது?"

கூரை ஒழுகுமா, குழாயில் தண்ணீர் வேகமாக வருமா என்றெல்லாம் கேட்கமாட்டார். கல்யாணமோ காதுகுத்தோ தீபாவளி விருந்தோ, வாசலில் கூடாரம் போட்டு ஊரைக் கூட்டிச் சோறு போட முடியாவிட்டால் அவருக்கு அது வீடே இல்லை.

அப்போது நகரத்து நடுவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். அவருடைய உறவினர்களுக்கு அது பாதி வழியில் இருக்கிற தங்குமிடம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை எடுக்க வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று வாராவாரம் யாராவது கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். எனக்குப் படிக்கப் பிடிக்கும். கழிவறையில் உட்கார்ந்தே முடித்த நாவல்கள் சில உண்டு.

ஆகவே எனக்கு வேண்டியது வேறு. நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற வீடு. கதவைச் சாத்தினால் சாத்தியபடியே இருக்கிற வீடு.

ஷா ஆலமைத் தாண்டி ஒரு புதிய தாமான் குடியிருப்பில் அது கிடைத்தது. டவுன்ஹவுஸ். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் இன்னொருவருக்கு. எங்களுக்கு மேல்தளம். நுழைவாயிலில் காவலர் நின்றார். யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கொடுத்து, யாரைப் பார்க்க வந்தோம் என்று சொன்னால்தான் தடுப்புக் கட்டை மேலே போகும். பார்த்ததுமே எனக்கு அந்தக் கட்டையைப் பிடித்துவிட்டது.

வீடு காட்ட வந்த முகவர் டொமினிக் விதிகளை ஒப்பித்தார். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. படிக்கட்டில் செருப்பு விடக் கூடாது. ரோட்டில் டெண்டு போடக் கூடாது.

"டெண்டு போடக் கூடாதா?" என்றார் என் கணவர், யாரோ இறந்துபோன செய்தியைக் கேட்டவர் மாதிரி.

"கூடாதாம்!" என்றேன் நான்.

"விருந்துன்னா கிளப்ஹவுஸ் இருக்கு லா, பாஸ். முப்பது பேர் வரைக்கும் கூப்பிடலாம்."

"எங்க பெரியம்மா வீடே முப்பது பேரு, தெரியுமா?"

"அப்போ பெரியம்மா வீட்டை மட்டும் கூப்பிடுங்க."

அன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால் வீடு எங்களுக்கு. பேனா கூட என் கைப்பையில் தயாராக இருந்தது. என் கணவர்தான் கெஞ்சினார். பண்டமாரானில் ஒரு பழைய தரை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறதாம். அதையும் டொமினிக்கே காட்டுவாராம்.

"சும்மா ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம், சீதா. பிடிக்கலைன்னா நேரா திரும்பி வந்து கையெழுத்துப் போடுவோம்."

போனோம். துறைமுகத்து லோரிகள் உறுமிக்கொண்டு போகிற பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றைமாடி வரிசை வீடுகள். விற்பனைக்கு இருந்த வீட்டுக்கு நேர் எதிரே, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, ஒரு கூடாரம் நின்றது. உள்ளே வட்ட மேசைகள். வடை பொரிக்கிற வாசனை.

என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது!

டொமினிக் இன்னும் வந்து சேரவில்லை. காரை விட்டு இறங்குவதற்குள் ஒரு பெரியவர் "வாங்க வாங்க, சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்துவிட்டார். இலை வந்தது. சோறு, சாம்பார், வடை, பாயசம்.

"நமக்கு யாருன்னே தெரியாதுங்க," என்று கிசுகிசுத்தேன்.

"எதிர்வீடு வாங்கப் போறோம். இனிமே தெரியும்." பாயசத்தை இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். பரிமாறிய அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாதாரண நூல்சேலை, கலைந்த தலை. அவரிடம் என் கணவர் சிரித்த முகமாகக் கேட்டார்:

"சமையல் பிரமாதம்க்கா. மாப்பிள்ளை எங்க?"

அந்த அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"உள்ள இருக்காரு. போய்ப் பாருங்க."

போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சீதா, மாலை போட்டு வச்சிருக்கு."

"மாப்பிள்ளைன்னா மாலை போடத்தானே செய்வாங்க?"

"படத்துக்கு."

கருமாதி விருந்து. பரிமாறிய அக்கா அமுதவள்ளி. படத்தில் இருந்தவர் அவருடைய கணவர். கையிலிருந்த பாதி வடையை இலையில் வைத்தேன். என் கணவர் கை கூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சிடுங்கக்கா. டெண்டைப் பார்த்ததும் கல்யாணம்னு நெனச்சிட்டேன்."

அமுதவள்ளி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கமுடியாமல், கண்ணில் நீர் வர. "அவருக்கு இது தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு," என்றார்.

அதற்குள் டொமினிக் வந்துவிட்டார். எதிர்வீட்டைப் பார்த்தோம். சமையலறை இருட்டு. தரை ஓடுகள் இரண்டு மூன்று நிறத்தில். பின்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அறை, கொய்யா மரத்தைப் பார்த்தபடி ஒரு சன்னல். நான் அந்தச் சன்னலைத் திறந்து பார்த்தேன். என் கணவர் வாசலில் நின்று கண்ணாலேயே கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. துக்க வீட்டில் விடைபெறும்போது யாரும் வருகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் காரின் கதவைத் திறந்தபடி, கூடாரம் முழுக்கக் கேட்கும்படி, கையை ஆட்டிச் சொன்னார்:

"போயிட்டு வரோம்க்கா!"

கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எங்களை அழைத்து உட்காரவைத்த பெரியவர் "என்னய்யா இவன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"வாங்க," என்றார் அமுதவள்ளி அக்கா. "எதிர்வீடுதானே. கண்டிப்பா வாங்க."

கார் முனை திரும்பும்வரை கண்ணாடியில் பார்த்தேன். அவர் ரோட்டில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சொன்னது தப்புதான்," என்றார் என் கணவர், வழியில் பாதி தூரம் போன பிறகு. "ஆனா சொல்லிட்டேனே, சீதா. சொல்லிட்டு வராம இருந்தா அது இன்னும் தப்பில்லையா?"

 அந்தத் தடுப்புக் கட்டையை நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு, வாயைப் பொத்திச் சிரித்த அந்த முகத்தையும்.

"பின்னால இருக்கிற அறை எனக்கு," என்றேன். "பூட்டு போட்டுக்குவேன். உங்க பெரியம்மா வந்தாலும் உள்ள விடமாட்டேன்."

காரை ஓரமாக நிறுத்திவிட்டார். "சாவி ரெண்டு செய்யட்டுமா?"

"ஒண்ணே ஒண்ணு. என்கிட்ட."

அப்படித்தான் அந்த வீட்டை வாங்கினோம். நான் பயந்த மாதிரியே எல்லாரும் வந்தார்கள். மாதத்துக்கொரு சாக்கு, சாக்குக்கொரு கூடாரம். வாசலில் பிரியாணி அண்டா இறங்கும் சத்தத்துக்கு நடுவே நான் கொய்யா மரத்துப் பக்கம் பூட்டிக்கொண்டு படித்தேன். "அண்ணி தவத்துல இருக்காங்க, சத்தம் போடாதீங்க," என்று அவர்தான் ஆட்களை விரட்டுவார், எல்லாரையும்விடச் சத்தமாக.

போன வருடம் அவர் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பி, கொமுட்டர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று வாசலில் கூடாரம் சரியாகப் பொருந்தி நின்றது. அவர் கண்ணால் போட்ட அதே இடம். சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், முறைப்படி போனார்கள். பெரியம்மா வீட்டு ஆட்கள்கூட. நான் ஒரு காலத்தில் கேட்ட அமைதி முழுவதும் அன்று மொத்தமாகக் கிடைத்தது.

கடைசியாக அமுதவள்ளி அக்கா. கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, கூடாரத்துக்கு நடுவில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"சீதா, போயிட்டு வரேன்!"

யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்குத் தோள் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிட்டார். நேராகப் பின்னறைக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, காற்றாடியைச் சுழலவிட்டு, "காப்பி போடு, சீனி கம்மியா," என்றார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். நான் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விடுகிறார்.

நான் கதவைத் திறக்கத் தாமதித்தால் சன்னலைத் தட்டித் தொலைக்கிறாரே என்று, அந்த அறைக்கு இரண்டாவது சாவி செய்து கொடுத்துவிட்டேன்.