இந்த வாரம் யாரு டூட்டி?

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபின் அந்த பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு மிஞ்சிய பட்டறை, போனிலிருந்த மெக்கானிக்குகள் குரூப்தான். நூற்றிருபது பேர். அங்கே அவர் பெயர் வாத்தியார்.

யாராவது ஒரு கோளாறைப் போட்டால் போதும், மைக்கை அழுத்திவிடுவார். சூடு எங்கே பிறக்கிறது, பின்பக்கக் குழாயில் எப்படி வெளியேறுகிறது, தூசி அடைத்தால் எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்று ஆதியிலிருந்து தொடங்குவார். எட்டு நிமிடமாவது பேசினால்தான் மனசு ஆறும். கீழே ஒரு கும்பிடு வரும்: "சூப்பர் வாத்தியாரே!"

"ஊருக்கெல்லாம் பிரிட்ஜ் ஓடுது. நம்ம வீட்டுல பால் திரியுது," என்றாள் மனைவி.

"பின்னாடி பாக்கணும்டி. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எப்படி இழுக்கிறது?"

"நூத்தியிருபது தம்பிங்கன்னு பீத்திக்குவீங்களே, ஒருத்தனைக் கூப்பிடுறது!"

கூப்பிட்டார். கூப்பிடு தூரத்திலிருந்த நாலு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி போட்டார். "தம்பிகளா, பத்து நிமிஷம் வந்து பிரிட்ஜை ஒரு முழம் முன்னால இழுத்து விடுங்கப்பா."

நாலு பேரும் படித்ததற்கு டிக் நீலமானது. இரண்டு நாள் ஒரு ஈ காக்கை இல்லை.

மூன்றாம் நாள், அவரே குரூப்பில் சேர்த்துவிட்ட, பிரிட்ஜுக்கு கேஸ் அடிக்கிற கேஸ்காரன் அங்கே எழுதியிருந்தான்: "இந்த வாரம் வாத்தியார் குரூப்புக்கு யாரு டூட்டி, நானா? பிரிட்ஜ் இழுக்க ஆள் கேக்குறாரு. போனா ரெண்டு மணி நேரம் கிளாஸ் எடுப்பாரு. ஒருத்தனும் மாட்டிக்காதீங்கடா."

வேறு குரூப்புக்குப் போகவேண்டியது, இடம் மாறி விழுந்த செய்தி. ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டான். அதற்குள் வாத்தியார் படித்துவிட்டார்.

எதுவும் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தார். மூன்று மாதமாக வாரத்துக்கு ஒருவன்தான் கேள்வி கேட்டிருந்தான். கும்பிடு போட்டவனும் அவனேதான். அடுத்த வாரம் வேறொருவன், வாட்ச்மேன் ஷிப்டு மாதிரி. மற்றவர்கள் இன்னொரு குரூப்பில் இருக்கிறார்கள். டூட்டிக்காரன் இவர் பேச்சைக் கேட்டு, இரண்டு வரியாக்கி அங்கே போடுகிறான். நேர்த்தியான ஏற்பாடு. வீணாகிற பாகம் ஒன்றுதான், அது அவர்.

"யாராச்சும் வர்றாங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும் வேலை."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு பிரிட்ஜுக்குத் தோள் கொடுத்தாள்.

போன் மினுங்கியது. கேஸ்காரன்தான். "வாத்தியாரே, கம்ப்ரசர் கிளிக்குனு சத்தம் போட்டு கட் ஆகுது. என்னவா இருக்கும்?"

கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயைக் கழற்றிக் குலுக்கு, கலகலவென்றால் மாற்று. ஒரு வரி விஷயம். வாத்தியார் மைக்கை அழுத்தினார்.

"தம்பி, மொதல்ல கரண்டு வீட்டுக்குள்ள எப்படி வருதுன்னு பாப்போம்..."

பின்னால் பிரிட்ஜின் கால் தரையைக் கீறியது. அவள் மூச்சு வாங்கினாள். அதுவும் பதிவாகட்டும் என்று விட்டார். ரிலே என்ற சொல்லைப் பன்னிரண்டாவது நிமிடம்வரை அவர் வாயிலிருந்து விடவில்லை.