நாற்காலிக்குக் கேட்காத டிரம்

காலையிலிருந்து ஒரே பாட்டைப் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. மேசையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் இடித்துக்கொண்டு நின்றன. ஒன்று குட்டி, இன்னொன்று தடியன். இரண்டும் கேட்டுப் பார்க்கக் கடையிலிருந்து எடுத்து வந்தவை. சாயங்காலம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும்.

என் ஸ்டுடியோ என்பது எங்கள் படுக்கையறைதான். மொட்டைச் சுவர்கள், கண்ணாடி பீரோ, அறை நடுவில் என் நாற்காலி, பின்சுவரை ஒட்டிக் கட்டில். இங்கே உட்கார்ந்துதான் என் முதல் படத்துக்குச் சவுண்ட் மிக்ஸிங் செய்கிறேன்; எந்த வாத்தியமும் குரலும் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று அளவு பார்க்கிற வேலை. இந்தப் பாட்டை இயக்குநர் ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டான். "அக்கா, கார்ல போட்டா டிரம் சத்தத்துல கதவே ஆடுது. இந்தத் தடவையும் இப்படி வந்தா வேற ஆளைப் பாருன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார்." எனக்கோ இங்கே டிரம் சன்னமாகத்தான் கேட்டது. பழியைப் பழைய ஸ்பீக்கர் தலையில் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். விடுமுறை நாளில் கட்டிலை விட்டு எழுந்திருப்பது அவர் கொள்கைக்கு விரோதம்.

குட்டியைப் போட்டேன். "டிரம்மே கேட்கல."

"காதை அடைக்குது," என்றார் கட்டிலிலிருந்து.

தடியனைப் போட்டேன். "இதுலயும் பத்தல."

"இது இன்னும் மோசம். தலையணை அதிருது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்கிற காது. உங்களை யார் கேட்டா?"

"நீதான் கேட்ட."

"தடியனையே வெச்சுக்கறேன். இதுலயும் பத்தலைன்னா கோளாறு அவன் கார்லதான். டிரம்மை இன்னும் கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும்."

"ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க வந்து படுத்துப் பாரு."

அவர் வாயை அடைப்பதற்காகவே போய்ப் படுத்தேன். அவர் முனகிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைத் தட்டினார். தொம் தொம் என்று நெஞ்சில் வந்து விழுந்தது.

"ஐயோ, டிரம்மைக் குறைங்க."

"எதைக் குறைக்கறது? இங்க டிரம்மே கேட்கலையே," என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான்.

எனக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. மொட்டை அறையில் டிரம் மாதிரியான கனத்த சத்தம் சுவர்களில் மோதித் திரும்பி, நடுவில் காணாமல் போகும், சுவரோரம் போய்க் குவியும். சவுண்ட் படிப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அப்படியிருந்தும் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு, கேட்காத டிரம்மை ஏற்றி ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

பழைய ஸ்பீக்கரையே மறுபடி மாட்டினேன். மேசையையும் நாற்காலியையும் முன்சுவர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு தள்ளலுக்கும் திருப்பி வந்த மிக்ஸிங்கைப் போட்டுக் கேட்டோம். ஒரு இடத்தில் நாற்காலியிலேயே காது அடைத்தது. இயக்குநர் காரில் கேட்டது அதுதான். ஆனால் அந்த இடத்தில் மேசை இடித்துப் பீரோ கதவு பாதிதான் திறந்தது.

"போதும். என்கிட்ட இருக்கிற சட்டைக்கு அது தாராளம்," என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். எது நல்லது என்று கடைக்காரர் கேட்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எங்க நாற்காலிதான் சரியில்ல," என்று இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டிரம்மைக் குறைத்து அனுப்பினேன். மறுநாள் இயக்குநர் காரிலிருந்தே கூப்பிட்டான். "அக்கா, கதவு ஆடல. அருமையா இருக்கு. மிச்சப் படத்தையும் நீங்களே முடிச்சுடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டைட்டில்ல போடணும். உங்களுக்கு உதவியாளர் யாராவது இருக்காங்களா?"

கட்டிலைப் பார்த்தேன். "ஒருத்தர் இருக்கார். பல் டாக்டர்."

"பல் டாக்டரா?"

"ஆமா. அங்க கிளினிக்குக்கு வர்றவங்களைப் படுக்க வெச்சு வேலை செய்வார். இங்க அவரே படுத்துக்குவார்."