வீட்டிலுள்ளவரையும் கூட்டிவாருங்கள்

பலேர்மோவில், பிரான்காச்சோப் பக்கம் இருந்த கடையில் பிஸ்டல் நல்லது, மனிதர்கள் சரியில்லை. நகரத்தின் நடுவில் இருந்த கடையில் மனிதர் நல்லவர், பிஸ்டல் பழையது. விலை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தோனிமுத்து ஒரு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டு லிபெர்த்தாத் தெருவில் பணக்காரர் வீடுகளின் மாடிப்படிகளைத் துடைத்தார்.

யோசிக்க அதிக நாளும் இல்லை. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பிஸ்டல் வாங்கக் கொடுத்த அனுமதிக் கடிதம் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். பதினெட்டு நாள் போய்விட்டது.

பிரான்காச்சோக் கடைக்கு அவர் சிநேகிதன் செல்வராசாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். செல்வராசா ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. சாமான் வாங்கப் போகும்போது பக்கத்தில் ஒருவன் நிற்பது தைரியம் என்று அந்தோனிமுத்து நினைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் இருக்க இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள்.

"பாத்தியோ மச்சான், அவன் கடைசி வரைக்கும் போனை விட்டுத் தலை நிமிரேல்லை," என்றார் அந்தோனிமுத்து.

"தலை நிமிர்ந்து உன்ரை வடிவைப் பாக்கவோ? சாமான் நல்லம். புதுசு. எடன்."

"இறுகிப் போனா ஆர் திருத்திறது எண்டு கேட்டன். வீடியோ கிடக்கு, பாரெண்டு சொல்லுறான்."

"நீயென்ன வொஷிங் மெஷினே வாங்கிறாய்? வீட்டை கொண்டுவந்து பூட்டித் தந்து, பழுதாப்போனா வந்து திருத்தித் தர?"

அந்தோனிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "எனக்கு உதைப்பற்றி ஒண்டும் தெரியாது, செல்வம். தெரியாத சாமானை வாங்கிறவனுக்குக் கேக்க ஒரு ஆள் வேணும்."

"தெரியாத சாமானை ஏனடா வாங்கிறாய்?"

"அண்டைக்கு நான் வீட்டை நிண்டிருந்தா..."

"நிண்டிருந்தா உனக்கும் விழுந்திருக்கும்."

பஸ் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. செல்வராசா குரலைத் தணித்துக் கேட்டார்: "றோசக்கா என்ன சொல்லுறா?"

"அவ கையெழுத்து வைச்சிட்டா," என்றார் அந்தோனிமுத்து.

அது பொய்யல்ல. வீட்டில் இருக்கிற வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் தெரியும் என்று ஒரு தாளில் குவெஸ்தூராவில் ஒப்பம் கேட்டிருந்தார்கள். ஒரு பின்னேரம் அவர் அந்தத் தாளை மேசையில் வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார். றோசமலர் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வந்து, "எதிலை?" என்று கேட்டாள். "இதிலை." வைத்தாள். திரும்பிப் போய் அரிசியைக் கழுவினாள்.

பலேர்மோவுக்கு வந்த இருபத்தாறு வருடமும் அவள் இப்படித்தான். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற தாள், வாடகைத் தாள், ஆஸ்பத்திரித் தாள், பிறகு குடியுரிமைத் தாள். இத்தாலிய எழுத்து நிறைந்த எதுவும் வீட்டுக்குள் வந்தால் அது வேண்டிய தாள்தான். புருஷன் விசாரித்துத்தான் கொண்டுவருவார். வாசிக்கப் போனால் பஸ் போய்விடும். அவர்களுடைய கோயில் பங்கில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் கையெழுத்து வைத்தார்கள். யாரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை. அந்தோனிமுத்துவும் அன்றைக்குத் தான் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. சொல்லிப் பயப்படுத்தாமல் விடுகிறேன் என்றுதான் நினைத்தார்.

அவள் ஏற்கெனவே பயந்துபோயிருந்தாள். ஐப்பசி மாதம் ஒரு மத்தியானம், சீசா என்ற பகுதியில் இருந்த அவர்களுடைய கீழ்த்தட்டு வீட்டுக்குள் இரண்டு பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அவளைச் சுவரோடு தள்ளி, கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை அறுத்தார்கள். சிலுவை போட்ட பவுண் தாலி. அவர் இரண்டு மணிக்கு வேலையால் வந்தபோது அவள் குசினி நிலத்தில் இருந்தாள். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. அழவில்லை. "போயிட்டாங்கள்," என்றாள். அதற்குப் பிறகு கதவுக்கு மேலதிகமாக இரண்டு தாழ்ப்பாள் போட்டார். அவர் வேலைக்குப் போன பிறகு அவள் அவற்றைப் பூட்டிக்கொண்டு இருப்பாள்.

நகர நடுவிலிருந்த கடைக்கு அவர் தனியாகப் போனார். ஒடுங்கிய தெரு. கண்ணாடியில் மீன்பிடித் தூண்டில்களும் வேட்டைக்காரரின் சப்பாத்துகளும். உள்ளே அறுபத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இருந்தார். சிஞ்ஞோரா கிளறா. புருஷன் இறந்து ஏழு வருடம்; கடையை அவரே நடத்துகிறார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வந்தவரை இருக்கச் சொன்னார். பெயர் கேட்டார். அந்தோனியோ என்று சுருக்கிக்கொண்டார்.

அவர் எடுத்துக் காட்டிய பிஸ்டல் ஒருவர் பாவித்தது. பிடியின் ஓரத்தில் தேய்ந்திருந்தது. "இது புதியதுபோல் நேராகச் சுடாது," என்று அவரே சொன்னார். "ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை கொண்டுவாருங்கள், நான் துப்புரவு செய்து தருகிறேன். காசு இல்லை. எப்போதாவது வேண்டாமென்று தோன்றினால் அதையும் இங்கே கொண்டுவாருங்கள். கேள்வி கேட்காமல் திருப்பி எடுப்பேன்."

அந்தோனிமுத்துவின் மனம் இளகியது. இந்த ஊரில் படி துடைக்கிறவனை இருக்கச் சொல்லிக் கதைக்கிற கடைக்காரர் அதிகம் இல்லை.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"நானும் மனைவியும்."

"அவர் சுகமாக இருக்கிறாரா?"

"சுகம்," என்றார்.

இதுதான் பொய். இரண்டு வருடத்துக்கு முன், தவக்காலத்தில், றோசமலர் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பங்கில் கேட்டவர்களுக்கு வயிற்றுப் புண் என்று சொன்னார். செல்வராசாவுக்கும் அதுதான் தெரியும். அவள் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தாள் என்பது அவருக்கும் அவளுக்கும் ஒரு டொக்டருக்கும் மட்டும் தெரியும். ஏனென்று அவர் கேட்டபோது, தனக்கும் தெரியாது என்றாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. பிள்ளை இல்லாத குறை பழைய குறை. வீட்டுக்கு வந்து, சமைத்து, பூசைக்குப் போய், செபமாலை சொல்லி, எல்லாம் பழையபடி ஆனது. அந்தோனிமுத்து அந்தக் கிழமையை நினைவிலிருந்து தள்ளி வைத்தார். பூட்டி வைத்த அறைபோல அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கடவுள் தந்ததைக் கடவுள் காத்துவிட்டார், இனி அதைக் கிளறக் கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல மனிதர்களும் இப்படி எண்ணுவதுண்டு.

சிஞ்ஞோரா கிளறா பிஸ்டலைத் துணியில் சுற்றினார். "ஒரு விஷயம். முதல்முறை வாங்குகிறவருக்கு நான் உடனே கொடுப்பதில்லை. வீட்டிலுள்ளவரையும் கூட்டிவாருங்கள். எப்படிப் பூட்டுவது, குண்டு இல்லையென்று எப்படிப் பார்ப்பது என்று அவருக்கும் காட்டுவேன். இது என் புருஷன் வைத்த விதி."

"மனைவி கையெழுத்து வைத்துவிட்டார், சிஞ்ஞோரா. தாளில் இருக்கிறது."

"நல்லது. அப்படியென்றால் வருவதற்குக் கஷ்டம் இருக்காது. வாங்குகிறவரின் முகத்தை நான் பார்க்கிறேன், அந்தோனியோ. அதே வீட்டில் இருக்கிற மற்றவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?"

அன்றிரவு முழுவதும் அவருக்குப் பிரான்காச்சோக் கடை நல்லதாகத் தெரிந்தது. அங்கே ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. தாளைக் கொடுத்தால் சாமானைத் தருவார்கள். புதுச் சாமான். ஆனால் துப்புரவு யார் செய்வது? இறுகினால் யார்? விடிய எழும்பிப் படிகளைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கடையே மேல் என்று தோன்றும். மத்தியானம் மறுபடி மாறும். கடைசியில் அவர் ஒரு வழி கண்டார். கூட்டிக்கொண்டு போவது அவ்வளவு பெரிய காரியமா? இதுவும் ஒரு கையெழுத்துப் போலத்தானே.

"சனிக்கிழமை ஒரு கடைக்குப் போகவேணும், றோசா," என்றார். "நீரும் வாரும். ஒரு சிஞ்ஞோரா உம்மை ஒருக்காப் பாக்கவேணுமாம்."

"கையெழுத்தோ?"

"உப்பிடித்தான்."

அவள் பூசைக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மெல்லிய மழை. கடை வாசலில் தூண்டில்களைக் கண்டு, "மீன் பிடிக்கப் போறியளோ?" என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் சொன்ன பகிடி அது. அவர் கதவைத் தள்ளினார்.

சிஞ்ஞோரா கிளறா அவளுடைய கோட்டை வாங்கிக் கதிரை முதுகில் காயப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு பச்சைத் துணியை விரித்து, அதன் மேல் பிஸ்டலை வைத்தார்.

றோசமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"உது ஆருக்கு?" என்று தமிழில் கேட்டாள்.

"எங்களுக்கு. வீட்டுக்கு. அவங்கள் திரும்பி வந்தா..."

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்."

"இது வேறை, றோசா. இது எங்கடை கையிலை இருக்கும்."

அவர்கள் கதைத்த மொழி சிஞ்ஞோராவுக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் அவசரப்படவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சிஞ்ஞோரா, உங்களுக்கு இது முன்பே தெரியுமா?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"நான் எல்லாத் தாளிலும் கையெழுத்து வைப்பேன்," என்றாள் றோசமலர். வீட்டு வேலை செய்த காலத்தில் பழகிய இத்தாலியன்; உடைந்திருந்தாலும் விளங்கியது.

அந்தோனிமுத்துவின் காது சுட்டது. "இரும்புப் பெட்டி தருவினம்," என்று தமிழில் அவசரமாகச் சொன்னார். "பூட்டித்தான் வைப்பன். திறப்பு என்னட்டை."

"நீங்கள் திறப்பு எங்கை வைப்பியள் எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு வருசமும் எல்லாத் திறப்பையும் ஒரே இடத்திலைதானே வைக்கிறியள்." அவள் குரல் உயரவில்லை. "விடிய நீங்கள் போயிடுவியள். பிறகு வீட்டிலை நானும் உதுவும். கள்ளன் வருவானோ தெரியாது. நான் அங்கைதான் இருப்பன். எனக்கு என்னை நினைச்சுத்தான் பயம்."

அந்தோனிமுத்து பச்சைத் துணியின் ஓரத்தை மடித்துப் பிஸ்டலை மூடினார்.

றோசமலர் சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பினாள். பங்குத் தந்தையிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு துவக்குக் கடைக்காரியிடம், உடைந்த மொழியில் சொன்னாள்: "இரண்டு வருடத்துக்கு முன் நான் சாகப் பார்த்தேன். இவர் வயிறு என்று எல்லோருக்கும் சொன்னார். இப்போதும் சில நாட்களில் அந்த நினைவு வருகிறது. இதை எங்களுக்குத் தர வேண்டாம்."

சிஞ்ஞோரா கிளறா பிஸ்டலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். தெருக் கதவுக்குப் போய் 'மூடியிருக்கிறது' என்ற அட்டையை வெளிப்பக்கம் திருப்பினார். பிறகு ஒரு கதிரையை இழுத்து றோசமலரின் முன்னால், முழங்கால் முட்டும் அளவுக்குக் கிட்டவாக இருந்தார். அந்தோனிமுத்துவைக் குறை சொல்லவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"டொக்டரிடம் போகிறீர்களா?"

"முந்திப் போனேன்."

"திங்கட்கிழமை திரும்பப் போங்கள். இவர் கூட்டிக்கொண்டு போவார்." அது கேள்வியல்ல. "எந்த நேரம் கூடக் கஷ்டம்?"

றோசமலர் யோசித்தாள். அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. "இவர் போன பிறகு. ஐந்து மணியிலிருந்து வெளிச்சம் வரும் வரைக்கும்."

"புருஷன் போன பிறகு நானும் ஐந்து மணிக்கு எழும்பி விடுகிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் குசினியில் நிற்கிறேன்." கடையின் விலைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தன் போன் இலக்கத்தை எழுதினார். "அந்த நேரத்தில் எனக்குப் போன் எடுங்கள்."

"என்ன கதைக்கிறது? எனக்கு மொழியும் வராது."

"கதைக்க வேண்டாம். நான் காப்பி வைக்கிற சத்தம் கேட்கும். நீங்கள் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்."

வீடு போகும் வழியில் மழை கூடியது. இருவருக்கும் ஒரு குடை. சீசாவின் முதல் கட்டிடங்கள் வந்தன.

"நான் உம்மட்டைச் சொல்லியிருக்க வேணும்," என்றார் அந்தோனிமுத்து.

"ஓம்."

"ஆஸ்பத்திரியாலை வந்த பிறகும் நான் உம்மட்டைத் திரும்பக் கேட்டிருக்க வேணும்."

அவள் குடையை அவர் பக்கம் கொஞ்சம் சரித்தாள்.

திங்கட்கிழமை டொக்டரிடம் போனார்கள். மருந்து எழுதினார், ஒவ்வொரு கிழமையும் வரச் சொன்னார். செவ்வாய் விடிய, லிபெர்த்தாவில் இரண்டாவது கட்டிடத்தின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தோனிமுத்து, ஐந்தரைக்கு வீட்டுக்குப் போன் எடுத்தார். அவள் எடுத்தாள்.

"சிஞ்ஞோராவோடை கதைச்சனீரோ?"

"இல்லை. வெக்கமாக் கிடக்கு. நித்திரையோ தெரியாது."

"சரி. அப்ப என்னோடை கதையும்."

என்ன கதைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு நாய் இருக்கிறது, துடைத்த படியில்தான் ஒவ்வொரு நாளும் மூத்திரம் பெய்கிறது என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமையும் அப்படியே. அன்றைக்கு அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவர் மூன்றாவது கட்டிடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடித்தான் போனார். அன்றைய சம்பளத்தில் வெட்டு விழுந்தது.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு எடுத்தார். இணைப்புக் கிடைக்கவில்லை, வேறு யாருடனோ லைன் பிசி. ஒரு மாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பிசி. வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி எடுத்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே இன்னும் விடியவில்லை.

பிசி.

இந்த நேரத்தில் அவள் எடுக்கக்கூடிய இலக்கம் விலைச்சீட்டின் பின்னால் இருந்தது ஒன்றுதான். அந்தோனிமுத்து ஈரப் படியில் குந்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.