வலிக்காத அலமாரி

அந்த வீட்டில் மூன்று மாதத்தில் இரண்டு அலமாரிகள் செத்துப்போயின. மரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று. மர அலமாரியைப் புருஷன் தள்ளிவிட்டபோது அவளுக்குத் தோள்பட்டை இறங்கியது. பிளாஸ்டிக் உடைந்தபோது சிதறிய சில்லு ஒன்று மகளின் புருவத்தில் பாய்ந்தது. மூன்று தையல். புருஷன் குடிக்கிறவன் இல்லை. குடித்தாலாவது பழியை அதன் தலையில் போடலாம். கிடங்கில் பாரம் தூக்குகிறவன். பகலெல்லாம் தூக்கிப் போட்ட கை வீட்டுக்கு வந்தும் சும்மா கிடக்காது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். தையல் பிரித்த நர்ஸ், "ஒரு விரக்கடை கீழ எறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும்மா" என்றாள். அன்றைக்கே சுண்டுவின் அம்மா முடிவு செய்துவிட்டாள். எறிந்தால் வலிக்கிற சாமான் எதுவும் இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

முக்காலியும் இரும்புச் சட்டியும் எடைக்குப் போயின. கத்தி எதிர்வீட்டுத் தையல்காரியிடம் போனது. காய் நறுக்கக்கூட அவள் அங்கேதான் போவாள். "உன் வீட்டு வெங்காயத்துக்கும் நான்தான் அழணுமா?" என்பாள் தையல்காரி. துணிமணியைத் தரையில் போட்டால் எலி விடவில்லை. அதனால் அட்டையில் அலமாரி செய்யத் தொடங்கினாள்.

அவளும் அதே கிடங்கில்தான் கூட்டுகிறாள். அங்கே பாரம் தூக்குகிறவர்கள் இரண்டு கூட்டம். தாங்கள் இறக்கிய பெட்டியில் நீலச் சாக்கட்டியால் குறி போடுவார்கள். அவள் புருஷன் கூட்டத்துக்குக் கோடு, நெட்டை என்கிறவன் கூட்டத்துக்கு வட்டம். காலியான பெட்டியும் குறி போட்ட கூட்டத்துக்கே சேரும். ஒரு கூட்டத்துப் பெட்டியை இன்னொரு கூட்டத்தான் தொட்டால் கைகலப்புதான். குறியில்லாத கிழிசல் மட்டும் கூட்டுகிறவளுக்கு.

கிழிசல்களை வைத்து நாலு தட்டு செய்துவிட்டாள். மாவுப் பசை காய்ச்சி, அட்டைமேல் அட்டை ஒட்டி, ஓரத்துக்குப் பழைய துணி சுற்றினாள். ஆனால் தட்டுகளைத் தாங்க ஒரு உயரமான கூடு வேண்டும். வாஷிங் மெஷின் வந்த பெட்டி ஒன்று வட்டக் குறியோடு நின்றது. நெட்டையிடம் நேராகவே கேட்டாள். "எடுத்துட்டுப் போ தங்கச்சி. உன் வீட்டுக்காரன் கிட்ட மட்டும் என் பேரைச் சொல்லிறாதே, என் பல்லு நெசப் பல்லு" என்றான். அந்தச் சிரிப்போடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் அந்த வட்டத்தைத் துடைத்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

விடுமுறை நாள் மத்தியானம் புருஷன் குளித்துவிட்டு வந்து அலமாரியைப் பார்த்தான்.

"இதென்னடி, எலிக்குக் கல்யாண மண்டபமா?"

"துணி வைக்க."

குனிந்து ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தான். "அட்டைக்குள்ள ஓடுற வரி படுத்துக் கெடக்கு பாரு. இப்படி வெச்சா பாரத்துக்கு நாக்குத் தள்ளிரும். கீழ நிக்குற அட்டைக்கு வரி நட்டுக்க நிக்கணும். தட்டுக்கு ஒண்ணு குறுக்க, ஒண்ணு நெடுக்க."

அவனே உட்கார்ந்தான். ஒட்டியதைப் பிரித்தான், மடித்தான், மறுபடி ஒட்டினான். ஒரு மணி நேரம் அவன் கையில் ஒரு மூலை பிசகவில்லை. சுண்டு பசை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளையின் மூக்கில் ஒரு பொட்டுப் பசை வைத்து, "உன்னையும் ஒட்டிருவேன்" என்றான். இந்த ஆளோடு பிழைத்துவிடலாம் என்றே அவளுக்குத் தோன்றியது.

பின்பக்கம் ஒட்டக் கூட்டைத் திருப்பினான். கை நின்றது. பழுப்பு அட்டையில் நீலம் தீற்றியிருந்தது.

"இது யாரு பொட்டி?"

"நெட்டையண்ணன் கூட்டத்துது. கேட்டுத்தான் வாங்கினேன்."

"ஏன் தொடைச்ச?"

அவள் முந்தானையால் அந்த நீலத்தை இன்னொரு தரம் தேய்த்தாள்.

"கேட்டு வாங்கினவ ஏன்டி தொடைக்கணும்?"

"நீ கத்துவியேன்னுதான்."

"நான் கத்துறதுக்கு மறைக்கிறியா, வேற எதுக்கும் மறைக்கிறியா?"

முதல் தட்டு அவள் தலையில் பட்டுத் துள்ளி விழுந்தது. வலிக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. அவன் கூட்டையே தூக்கி எறிந்தான். அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவன் முழங்காலிலேயே முட்டியது. சுண்டு சிரித்துவிட்டாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்திருப்பாள்.

எறிய வேறு எதுவும் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. கை இருந்தது.

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் அவள் காது அடைத்துப்போனது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் இடித்தான். திருப்பி அடிக்க அவள் கை தரையெல்லாம் துழாவியது. அட்டை, அட்டை, பசை. எல்லாவற்றையும் அவளே ஒழித்துவிட்டிருந்தாள். சுண்டு ஓடிவந்து அவன் தொடையைக் கடித்தாள். அவன் காலை உதறினான். பிள்ளை அடுப்பு மேடையில் மோதி விழுந்தாள்.

அவள் அவன் மணிக்கட்டில் பல்லை இறக்கினாள். பிடி விட்டதும் பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். வெளியே திறக்கிற தகரக் கதவு அது. தாண்டிவிட்டாள். பின்னாலேயே அவன் கை வந்து சுண்டுவின் சட்டைக் காலரைப் பற்றி உள்ளே இழுத்தது. பிள்ளைக்குக் கழுத்து இறுகி முகம் கறுத்தது.

அந்தக் கையில்தான் வீட்டு அரிசி வருகிறது. அவளுக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கைமேல் கதவைச் சாத்தித் தோளால் இடித்தாள்.

பிடி விடவில்லை. மறுபடி இடித்தாள். உள்ளே அவன் அலறினான். மூன்றாவது முறை இறங்கிப்போயிருந்த அந்தத் தோளையே கொடுத்து மொத்த உடம்பையும் சாய்த்தாள். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி கேட்டது. காலர் விடுபட்டது. பித்தான் இரண்டு தெருவில் உருண்டன. நசுங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போக இடம் விட்டாள். பிறகு வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"கை போச்சுடி... என் கை... நாளைக்கு என்னத்தைத் தூக்குவேன் நான்?"

தையல்காரி தெருவுக்கு ஓடிவந்தாள். கதவிடுக்கில் ரத்தம் வடிந்தது. "ஐயையோ, செத்துகித்துப் போயிறப் போறான். தொறந்து விடட்டா?"

"தொறந்து விடுக்கா. நாங்க தெருமுனை திரும்புனதுக்கு அப்புறம்."

"எங்கடி போற?"

"தெரியல."

உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, சுண்டுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.